மழை பெய்தால் பாத்ரூமில் சாக்கடை: வீட்டைத் தூக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30×40 மனையில் 1994-இல் வீடு கட்டினோம். என் கணவர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டும்போது எங்கள் போர்ட்டிகோ ரோட்டைவிட ஒன்றரை அடி உயரம். தார் மேல் தார் போட்டு, இப்போது ரோடுதான் எங்களைவிட எட்டு அங்குலம் உயரம். பலத்த மழை வந்தால் கேட் வழியாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. பக்கத்து மனையில் நான்கு வருடம் முன்பு நான்கு மாடி எழுப்பினார்கள். அவர்கள் மாடித் தண்ணீர் எங்கள் சந்தில் கொட்டுகிறது. அரை மணி நேரம் மழை பெய்தாலே பாத்ரூம் ட்ராப் (தரையில் தண்ணீர் போகும் துவாரம்) வழியாகக் கழிவுநீர் மேலே வருகிறது. சம்ப் (தரையடித் தொட்டி) தண்ணீரிலும் சில நாள் வாடை அடிக்கிறது. எங்கள் மாடித் தண்ணீர்க் குழாயைப் பழைய பிளம்பர் கழிவுநீர்ச் சேம்பரில் சேர்த்துவிட்டிருக்கிறார். ஒரு கான்ட்ராக்டர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று அடி தூக்கலாம் என்கிறார். இன்னொருவர் சுற்றிலும் கான்கிரீட் போட்டு ஒரு பம்ப் வைத்தால் போதும் என்கிறார். எதுவானாலும் லோன் போடலாம் என்று மகன் சொல்கிறான். எதைச் செய்வது? – வாசகி, ராமமூர்த்தி நகர்

பதில்:

அம்மா, வணக்கம்.

லோன் விஷயத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். இரண்டு கான்ட்ராக்டர்களும் உங்கள் வீட்டுக்குள் வருவது ஒரே தண்ணீர் என்ற நினைப்பில் பேசியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ரோட்டிலிருந்து கேட் வழியாக வருவது ஒன்று. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து விழுவது ஒன்று. உங்கள் சொந்த மொட்டை மாடியில் பெய்வது ஒன்று. பாத்ரூமில் பொங்குவது இன்னொன்று. இவற்றில் சில சேர்ந்துகொண்டு வருகின்றன, சில தனியாக வருகின்றன. எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை கையடக்கமான செலவில் முடிந்துவிடும். பிரிக்காமல் செலவழித்தால், தூக்கிய வீட்டைச் சுற்றியும் அதே சாக்கடை நிற்கும்.

கடிதத்தின் கடைசிப் பகுதியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். மாடித் தண்ணீர்க் குழாய் சேம்பரில் சேர்கிறது என்று. நான் முதலில் கை வைக்கச் சொல்வது அதில்தான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டை மாடி சுமார் ஆயிரம் சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. மழை பெய்தால், தளம் உறிஞ்சுவது, சிதறுவது எல்லாம் போக, நாலாயிரம் லிட்டர் குழாயில் இறங்கும். பெங்களூரில் மே மாதக் கோடை மழையும் செப்டம்பர், அக்டோபர் மழையும் 50 மில்லிமீட்டரை ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போவது உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நகரக் குடிநீர்த் திட்டங்களில் போடும் கணக்கு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு வாரம் முழுக்கச் செலவாகும் தண்ணீரே நாலாயிரம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவுதான். அந்த ஒரு வாரத் தண்ணீரை ஒரு மணி நேரத்தில் உங்கள் சேம்பருக்குள் இறக்குகிறீர்கள். அங்கிருந்து ரோட்டு மேன்ஹோலுக்குப் போகிற குழாய் குளியலறைக்கும் கழிப்பறைக்கும் சமையலறைக்கும் கணக்குப் பார்த்துப் போட்டது.

இதோடு முடியவில்லை. உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் இதையே செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ஊரில் கழிவுநீருக்கு ஒரு பாதை, மழைநீருக்கு வேறு பாதை என்றுதான் ஏற்பாடு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ரோட்டோர மழைநீர்க் கால்வாயும், அது போய்ச் சேரும் ராஜகாலுவே என்ற பெரிய மழைநீர்க் கால்வாயும் மாநகராட்சியின் பொறுப்பு. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது என்பது வாரியத்தின் விதி. ஆனால் பக்கத்தில் சேம்பர் இருக்கிறது, குழாயை அதில் விட்டால் ஒரு மணி நேர வேலை. கால்வாய் வரை கொண்டுபோனால் போர்ட்டிகோவை உடைக்க வேண்டும். பிளம்பர் சுலபமான வழியில் போய்விடுகிறார். ஐம்பது வீட்டில் ஐம்பது பிளம்பர்கள் இப்படிச் செய்தால், அரை மணி மழையில் ரோட்டுக்கு அடியில் இருக்கும் கழிவுநீர்க் குழாய் கழுத்துவரை நிரம்பிவிடும்.

நிரம்பிய குழாயில் தண்ணீர் எங்கே வெளியே வரும்? இருப்பதிலேயே தாழ்வான திறப்பில். ரோட்டு மேன்ஹோல் மூடி ஒரு உயரத்தில் இருக்கிறது. உங்கள் பாத்ரூம் ட்ராப் அதைவிடத் தாழ்வாக இருந்தால், மேன்ஹோல் வழியாக ரோட்டில் பொங்குவதற்கு முன்பே உங்கள் பாத்ரூமில் பொங்கும். 1994-இல் ரோடு தாழ்வாக இருந்தது, மூடியும் தாழ்வாக இருந்தது. குழாய் நிரம்பினால் ரோட்டில்தான் வழிந்திருக்கும். தார் ஏற ஏற மேன்ஹோல் மூடியையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். உங்கள் பாத்ரூம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முப்பது வருடமாக இல்லாத தொந்தரவு இப்போது ஏன் வந்தது என்றால், காரணம் இதுதான்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்யுங்கள். முதலில், மழை இல்லாத ஒரு நாளில் சேம்பர் மூடியைத் திறந்துவைத்து, மாடிக் குழாய் ஒவ்வொன்றிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். எந்தெந்தக் குழாய் சேம்பரில் வந்து விழுகிறது என்று கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில வீடுகளில் ஒரு குழாய் சரியாகவும் இன்னொன்று தவறாகவும் போகும். பால்கனித் தண்ணீர், போர்ட்டிகோ தரைத் தண்ணீர் இவற்றையும் சோதியுங்கள். அடுத்து, சேம்பரில் விழும் மழைக் குழாய்கள் அத்தனையையும் அங்கிருந்து துண்டியுங்கள். அவற்றை எங்கே கொண்டுபோவது என்பதைக் கீழே சொல்கிறேன். இந்த வேலை முடிந்த பிறகுதான் மூன்றாவது: உங்கள் கடைசிச் சேம்பருக்கும் ரோட்டு மேன்ஹோலுக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. குழாய்க்குள் ஒரு கதவு மாதிரி இருக்கும். உள்ளிருந்து தண்ணீர் போகும்போது திறக்கும், வெளியிலிருந்து எதிர்த்து வந்தால் மூடிக்கொள்ளும்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மழைக் குழாயைத் துண்டிக்காமல் வால்வை மட்டும் போட்டால், ரோட்டுக் குழாய் நிரம்பும்போது வால்வு மூடிக்கொள்ளும். மாடியிலிருந்து நாலாயிரம் லிட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லாமல் உங்கள் மாடித் தண்ணீரே உங்கள் சாக்கடையைக் கலக்கிக்கொண்டு பாத்ரூமில் வரும். வால்வு போட்டும் பயனில்லை என்று பலர் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

வால்வைக் கைக்கு எட்டும் ஒரு சின்னச் சேம்பருக்குள் வையுங்கள். மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டாம். முடியோ துணித்துண்டோ கதவில் சிக்கினால் அது முழுதாக மூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவ வேண்டும், மே மாதம் பிறப்பதற்கு முன்பு கட்டாயம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக் கழிவும் வெளியே போகாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பலத்த மழை நேரத்தில் வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, குளியலும் வேண்டாம்.

இதோடு இன்னொரு ஏற்பாடும் செய்துவிட்டால் எனக்கு நிம்மதி. பாத்ரூம் தரைமட்டத்தைவிட ஐந்தாறு அங்குலம் தாழ்வாக, வீட்டுக்கு வெளியே, சந்தில் ஒரு கல்லி ட்ராப் (கழிவுநீர்க் குழாயோடு சேர்ந்த, மேலே திறப்புள்ள சின்னத் தொட்டி) இருக்க வேண்டும். எல்லாம் பொய்த்துப்போன ஒரு ராத்திரியில் கழிவுநீர் எங்காவது வந்தே தீரும் என்றால், அது படுக்கையறைக்குப் பக்கத்தில் வராமல் வெளியே சந்தில் வரட்டும். ஏற்கெனவே ஒன்று இருந்து, அதன் மேல் யாராவது டைல்ஸ் ஒட்டி மூடியிருக்கவும் கூடும். பழைய வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

ரோட்டு மேன்ஹோலே அடைத்திருந்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் ஜெட்டிங் வண்டிக்காகக் காத்திருங்கள். அவசரத்துக்கு யாரையாவது கூப்பிட்டு மேன்ஹோலுக்குள் இறக்கிவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அதைவிட முக்கியம், உள்ளே இருக்கும் வாயு ஒரு ஆளை நிமிடங்களில் கொன்றுவிடும். எத்தனை நாள் நாற்றத்தோடு இருக்க நேர்ந்தாலும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சம்ப். நியாயமாக இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் நீங்கள் குடிக்கிற தண்ணீர் அது. வாடை அடிக்கிற நாளில் அந்தத் தண்ணீரைக் காய்ச்சியும் குடிக்காதீர்கள். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். சம்ப் மூடி போர்ட்டிகோ தரையோடு தரையாக இருந்தால், கேட் வழியாக வரும் ரோட்டுத் தண்ணீர் மூடியின் ஓரத்தில் இறங்கும். மூடியைச் சுற்றி ஒன்றரை அடிக்குக் கான்கிரீட் விளிம்பு கட்டி, மேலே இறுக்கமான மூடி போடுங்கள். காவேரிக் குழாய் நுழையும் ஓட்டை, மோட்டார்க் குழாய் வெளியே வரும் ஓட்டை இவற்றைச் சுற்றி இருக்கும் இடைவெளியை அடையுங்கள். அப்புறம், ஓவர்ஃப்ளோ குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். அதை யாராவது சேம்பரில் சேர்த்திருந்தால், சேம்பர் நிரம்பும்போது அதே குழாய் வழியாகச் சாக்கடை சம்ப்புக்குள் வரும். உங்கள் வாடைக்கு இதுவே காரணமாக இருக்கலாம், இன்றைக்கே பார்த்துவிடுங்கள். சேம்பர் சம்ப்புக்குப் பக்கத்தில் இருந்து, அதன் பூச்சு விரிசல் விட்டிருந்தாலும் கசிவு வரும். இவற்றைச் சரிசெய்த பிறகு சம்ப்பை முழுதாக இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். மாடித் தொட்டிக்கும் இதேதான்.

சரி, இனி ரோட்டுத் தண்ணீருக்கு வருவோம். இதற்கு மட்டம் எடுக்க வேண்டும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. மேஸ்திரிகள் கையில் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ட்யூப் போதும். போர்ட்டிகோ சுவரில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அதை வைத்து ரோட்டின் நடுமட்டம், கேட் வாசல், ரோட்டு மேன்ஹோல் மூடி, உங்கள் சேம்பர் மூடி, சம்ப் மூடி, பாத்ரூம் தரை, வீட்டுத் தரை இவை ஒவ்வொன்றும் அந்தக் கோட்டுக்கு எத்தனை அங்குலம் கீழே என்று ஒரு தாளில் எழுதுங்கள். கூடவே கேட்டுக்கு முன்னால் இருக்கும் ரோட்டோரக் கால்வாயின் அடிமட்டம். இந்தக் கடைசி அளவுதான் தீர்ப்புச் சொல்லப்போகிறது. கால்வாயின் அடி உங்கள் போர்ட்டிகோவைவிடத் தாழ்வாக இருந்தால் பம்ப் இல்லாமலே தண்ணீரை வெளியேற்றலாம். உயரமாக இருந்தால் பம்ப் இல்லாமல் முடியாது.

அளவெடுக்கும்போது அந்தக் கால்வாயையும் குனிந்து பாருங்கள். கல் பலகையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு அடி ஆழக் கால்வாயில் ஒன்றரை அடிக்கு மண்ணும் கட்டட வேலையில் மிஞ்சிய ஜல்லியும் கெட்டியாகிக் கிடக்கும். கார் ஏறுவதற்குச் சாய்தளம் போட்ட வீடுகளில் கால்வாயையே கான்கிரீட்டால் நிரப்பி, நடுவில் ஒரு நாலு அங்குலக் குழாயைச் செருகியிருப்பார்கள். அந்தக் குழாய் வாயில் ஒரு இளநீர்க் கூடு, இரண்டு பிளாஸ்டிக் கவர் வந்து நின்றால் போதும், மேல்பக்கம் உள்ள அத்தனை வீட்டுத் தண்ணீரும் ரோட்டுக்கு ஏறிவிடும். அப்படி ஏறிய தண்ணீர்தான் உங்கள் கேட்டைத் தேடி வருகிறது. உங்கள் சொந்தச் சாய்தளத்தின் கீழும் பாருங்கள் அம்மா. நம் வீட்டு முன்னால் இருப்பதை முதலில் சரிசெய்துவிட்டுப் போனால்தான் தெருவில் மற்றவர்களிடம் பேச முடியும். சாய்தளத்தை உடைத்து, கால்வாயின் முழு அகலத்தையும் திறந்துவிட்டு, மேலே தூக்கி எடுக்கக்கூடிய கம்பி கிரேட்டிங் போடுங்கள்.

கேட்டில் செய்ய வேண்டியது இது: கேட் வாசலில் தரையை உயர்த்தி, ரோட்டு மட்டத்தைவிட ஆறு அங்குலம் மேலே ஒரு முகடு வரும்படி செய்து, அதிலிருந்து உள்ளே சாய்வாக இறக்குங்கள். வண்டி ஏறி இறங்கும் அளவுக்குச் சாய்வு இருந்தால் போதும். முகட்டுக்கு உள்பக்கம், கேட்டின் அகலம் முழுக்க, கிரேட்டிங் போட்ட ஒரு சின்ன வாய்க்கால். காம்பவுண்டுச் சுவரில் பழைய தண்ணீர் ஓட்டைகள் இருந்தால் அடைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் தண்ணீரை வெளியே விட வைத்தவை இப்போது உள்ளே விடும். வாய்க்காலில் சேரும் தண்ணீர், மட்டம் ஒத்துவந்தால், குழாய் வழியாக ரோட்டோரக் கால்வாய்க்குப் போகட்டும். அதன் வாயிலும் ஒரு தடுப்பு வால்வு வேண்டும். ஒத்துவராவிட்டால் மூன்றடிக்கு மூன்றடி ஒரு குழி, அதில் தண்ணீர் ஏறினால் தானாக ஓட வைக்கும் ஃப்ளோட் சுவிட்சோடு ஒரு சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் இருந்தே ஓடும்) பம்ப். பலத்த மழையில் கரண்ட் போகும் ஊர் இது, எனவே அந்தப் பம்ப் இன்வெர்ட்டரில் ஓடும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

பம்ப் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2025 மே மாதம் பிடிஎம் லேஅவுட்டில் ஒரு அபார்ட்மெண்டில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கப் போனபோது மின்சாரம் தாக்கி இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் பன்னிரண்டு வயதுப் பையன். தேங்கிய தண்ணீருக்குள் எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்துக்கொண்டு யாரும் இறங்கக் கூடாது, உங்கள் மகன் உட்பட. வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை மாட்டுங்கள். போர்ட்டிகோவில் தாழ்வாக இருக்கும் பிளக் பாயிண்ட், சம்ப் மோட்டார் சுவிட்ச் எல்லாம் தரையிலிருந்து நான்கடி மேலே போகட்டும். உள்ளே தண்ணீர் ஏற ஆரம்பித்தால் மெயினை அணைத்த பிறகுதான் கால் வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு விஷயம். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை இயற்கையாக வழிந்து பள்ளத்து நிலத்துக்கு வருவதைப் பள்ளத்துக்காரர் தடுக்க முடியாது என்பது பழைய சட்டம். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட்ஸ் சட்டத்தில் உதாரணத்தோடு இருக்கிறது. ஆனால் மாடித் தண்ணீரைக் குழாயில் திரட்டி ஒரே இடத்தில் உங்கள் சந்தில் கொட்டுவது இயற்கையான வழிவு ஆகாது. போதாததற்கு, குடிநீர் வாரியச் சட்டத்தில் 2009-இல் செய்த திருத்தப்படி 1,200 சதுர அடி, அதாவது 30×40 அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் புதிதாகக் கட்டுபவர்கள் மழைநீர் சேகரிப்பு அமைத்தே ஆக வேண்டும். நான்கு வருடம் முன்பு கட்டியவர்கள் என்றால் அவர்களுக்கு அது பொருந்தும். மனை அளவை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் நிற்க வேண்டாம். சுவரைப் பகிர்ந்துகொண்டு இன்னும் இருபது முப்பது வருடம் வாழ வேண்டியவர்கள் நீங்கள். மழை பெய்யும்போது சந்தில் தண்ணீர் விழுவதை வீடியோ எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்க் காட்டுங்கள். அந்தத் தண்ணீர் அவர்கள் அஸ்திவாரத்திலும்தான் இறங்குகிறது என்பதைச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. குழாயைத் தங்கள் பக்கமே கீழே இறக்கி முன்பக்கக் கால்வாய்க்குக் கொண்டுபோவது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் எழுத்தில் கொடுங்கள், அப்புறம் மாநகராட்சி, கடைசியாகத்தான் கோர்ட்டு.

மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுவைக் கன்னடத்தில் எழுதுங்கள். நம் ஆட்கள் பலர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். வார்டு இன்ஜினியர் படித்துக் குறிப்பு எழுதுவது கன்னடத்தில். தெரியாவிட்டால் தெருவில் ஒரு கன்னடக் குடும்பத்தை எழுதித் தரச் சொல்லி, அவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு வீட்டு மனுவைவிடப் பதினைந்து வீட்டு மனுவுக்கு மதிப்பு அதிகம். 2025 செப்டம்பரில் ஊர் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்த பிறகு, கே.ஆர். புரம் தொகுதியில் வரும் உங்கள் பகுதி கிழக்கு மாநகராட்சியில் இருக்கிறது. பழைய அலுவலக முகவரியில் கொடுத்துவிட்டு வராதீர்கள். மனுவில் இரண்டே கோரிக்கைகள் போதும். ஒன்று, கால்வாயைத் தூர்வார வேண்டும். இரண்டு, அடுத்த முறை தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். சுரண்டும் இயந்திரம் எல்லா ஊரிலும் இருக்கிறது, நெடுஞ்சாலைகளில் தினமும் ஓடுகிறது. அதைக் கேட்டு வாங்காமல் இருந்ததால்தான் எட்டு அங்குலம் உங்களைத் தாண்டி ஏறியிருக்கிறது.

உங்கள் பகுதித் தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஹெப்பாளில் தொடங்கி நாகவாரா, கல்கெரே, ராம்புரா, எலெ மல்லப்பா ஷெட்டி ஏரி என்று ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து, தென்பெண்ணையாக ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிற தண்ணீர் அது. நடுவில் ஒரு ராஜகாலுவே குறுகினால் பின்னால் இருக்கும் தெருக்கள் நிரம்பும். 2025 மே மாதம் ஹொரமாவு சாய் லேஅவுட் மூழ்கியபோது, ரயில் பாதைக்கு அடியில் தண்ணீர் போகும் வழி போதாமல் இருந்ததைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். உங்கள் தெருவிலும் இடுப்பளவு நின்றால் அது கேட்டில் முகடு கட்டித் தீர்க்கும் விஷயம் இல்லை. நீங்கள் எழுதியிருப்பது அப்படித் தெரியவில்லை. மழை விட்டதும் வடிந்துவிடுகிறது என்றால் தெருக் கால்வாய்க் கோளாறுதான்.

சேம்பரிலிருந்து துண்டித்த மாடித் தண்ணீருக்கு வருகிறேன். பெங்களூரில் வருடத்துக்குச் சராசரியாக 970 மி.மீ. மழை. உங்கள் மாடிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 75,000 லிட்டர், ஆறாயிரம் லிட்டர் டேங்கர் பன்னிரண்டு. இவ்வளவு நல்ல தண்ணீரைச் சாக்கடையில் விட்டு, அதே சாக்கடையைப் பாத்ரூமில் வாங்கிக்கொள்வது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். ஒரு ஃபில்டர் வைத்து, முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, மீதியை ஒரு தனித் தொட்டியில் பிடியுங்கள். தோட்டம், கழிப்பறை, வண்டி கழுவ எல்லாவற்றுக்கும் ஆகும். சம்ப் பிரச்சினை முழுதாகத் தீர்ந்த பிறகு அதிலும் சேர்த்துக்கொள்ளலாம். தொட்டி நிரம்பினால் வழியும் தண்ணீர் ரோட்டோரக் கால்வாய்க்குப் போக வேண்டும். குழாய் அளவிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் ஒரு நாலு அங்குலக் குழாய் நாற்பது சதுர மீட்டர் மாடிக்குத்தான் தாங்கும். உங்கள் மாடிக்குக் குறைந்தது மூன்று வேண்டும்.

மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் ரீசார்ஜ் கிணறு வெட்டலாமா என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மூன்று அடி அகலம், இருபது அடி ஆழம் என்றால் நாலாயிரம் லிட்டர் பிடிக்கும். நான் மேலே சொன்ன 50 மி.மீ. மழை முழுவதையும் விழுங்கிக்கொள்ளும். இந்த ஊரில் மண்ணு ஒட்டர் சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவர்கள். மண்ணைப் பார்த்தே எத்தனை அடியில் என்ன வரும் என்று சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆனால் உங்கள் இடம் ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறேழு அடியிலேயே நிலத்தடி நீர் நிற்கிறது என்றால், அல்லது தோண்டும்போது பிசுபிசுப்பான ஏரிக் களிமண் வந்தால், கிணறு பயன்படாது; சும்மா நிரம்பி நிற்கும். பக்கத்தில் பழைய கிணறு ஏதாவது இருந்தால் அக்டோபரில் அதில் நீர்மட்டம் எங்கே நின்றது என்று விசாரியுங்கள். வெட்டுவதானால் வீட்டுச் சுவர், சம்ப், சேம்பர் மூன்றிலிருந்தும் முடிந்தவரை தள்ளி வெட்ட வேண்டும். 30×40 மனையில் அப்படி ஒரு மூலை கிடைப்பது கஷ்டம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ரோட்டுத் தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் விடக் கூடாது. சாக்கடையும் வண்டி ஆயிலும் கலந்த தண்ணீரை நேராக நிலத்தடிக்கு அனுப்புவது, அந்தப் பகுதி போர்வெல் தண்ணீர் குடிக்கிறவர்களுக்குச் செய்யும் கெடுதல்.

கான்கிரீட் யோசனையில் பாதி சரி. சந்தில் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்காமல், சுவரிலிருந்து விலகி முன்பக்கம் ஓடும்படி சாய்வாகத் தளம் போடுவது நல்லது. நூறு அடிக்கு ஒரு அடி சாய்வு போதும். ஆனால் சுற்றிலும் மண்ணே தெரியாமல் மூடி, அதையும் வீட்டுத் தரைக்குச் சமமாக உயர்த்தினால், அஸ்திவாரத்தின் மேல் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட டி.பி.சி. அடுக்குக்கு மேலே ஈரம் போய்விடும். அடுத்த வருடம் உள்சுவர்களில் பெயிண்ட் உரியும்.

வீட்டைத் தூக்குவது ஏமாற்று வேலை இல்லை, பல ஊர்களில் செய்கிறார்கள். மூன்று அடி தூக்கினால் பாத்ரூமில் கழிவுநீர் வருவது நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் சம்ப், சேம்பர், போர்ட்டிகோ எல்லாம் கீழேயே இருக்கும். தூக்கிய பிறகு எல்லாக் குழாயையும் புதிதாக இணைக்க வேண்டும். முப்பது வருடப் பழைய சைஸ் கல் (செதுக்கிய கல்) அஸ்திவாரமும் சுவரும் அதைத் தாங்குமா என்று, தூக்குகிற கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லாத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். நான் மேலே சொன்னவற்றைச் செய்து ஒரு முழு மழைக்காலம் பார்த்த பிறகும் வீட்டுத் தரைக்குத் தண்ணீர் வந்தால், அப்போது இதைப் பற்றிப் பேசலாம். அறை உயரம் பத்தடி இருந்தால், உள்ளே தரையை மட்டும் ஒரு அடி உயர்த்துவது என்ற வழியும் இருக்கிறது. கதவுகளை மாற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, கொத்தனாரும் நிதானமாக வேலை செய்வார். ஆர்சிசிபி, சம்ப் மூடி, மாடிக் குழாய், வால்வு இவற்றை அதற்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே மழையில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் அந்த மட்ட அளவுகளைத் தாளில் எழுதி, ஒரு கோட்டுப் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். கால்வாயின் அடிமட்டம் போர்ட்டிகோவுக்கு மேலேயா கீழேயா என்று தெரிந்தால், பம்ப் தேவையா, என்ன அளவில் வாங்குவது என்பதை எழுதிவிடுகிறேன். அதுவரை பம்ப்புக்கு யாரிடமும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.